சாவி என்னிடம்தான் இருக்கிறது!

முதலில் ஒரு ரகசியம். நூலகப் புத்தகம் ஒவ்வொன்றிலும் 'ரகசியப் பக்கம்' என்று ஒன்று உண்டு. தலைப்புப் பக்கத்தில் பள்ளி முத்திரை இருக்கும். அது ஊருக்கே தெரியும். கடைசிப் பக்கத்திலும் இருக்கும். அந்த இரண்டு தாளையும் கிழித்துப் போட்டுவிட்டு யாராவது புத்தகத்தைச் சொந்தமாக்கிக்கொண்டால் என்ன செய்வது? அதற்காகத்தான் உள்ளே எங்கேயோ ஒரு பக்கத்தில், சத்தமில்லாமல், இன்னொரு முத்திரையும் பதிவு எண்ணும். எல்லாப் புத்தகத்திலும் ஒரே பக்க எண்ணில்தான் அடிப்போம். அது எந்தப் பக்கம் என்பது எனக்கும், எனக்கு முன்னால் பொறுப்பில் இருந்த தமிழ் ஐயாவுக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். போன வருடம் ஆறாம் வகுப்பு வாண்டு ஒன்று வந்து, "டீச்சர், ஏன் எல்லா புக்குலயும் ஒரே எடத்துல நடுவுல சீல் அடிச்சிருக்கீங்க?" என்று கேட்கும் வரைக்கும். அந்த வாண்டுதான் இப்போது நூலக மானிட்டர். விஷயம் வெளியே போகக் கூடாது இல்லையா?

சீர்காழியிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்தால் வாய்க்கால், வயல், அப்புறம் எங்கள் அரசு மேல்நிலைப் பள்ளி. வேதியியல் ஆய்வகத்துக்கும் சத்துணவுக் கூடத்துக்கும் நடுவில் நூலகம். காலையில் ஆசிட் நெடி. பதினொரு மணிக்கு மேல் சாம்பார் கொதிக்கிற வாசனை. ஏழு பச்சை பீரோ, இரண்டு நீள மேசை, கால் ஆடுகிற ஒரு ஸ்டூல். நான் கணக்கு டீச்சர். நூலகம் எனக்குக் 'கூடுதல் பொறுப்பு'. நூலகர் இல்லாத பள்ளிகளில் யாராவது ஓர் ஆசிரியர் கையில் சாவிக்கொத்தைத் திணித்துவிடுவார்கள். எங்கள் பள்ளியில் அது என் கை.

அந்தச் சாவிக்கொத்தில்தான் எல்லா வம்பும். பீரோவைப் பூட்டியே வைத்திருந்தால் ஒரு புத்தகமும் தொலையாது. இருப்புச் சரிபார்ப்பில் கணக்கு கச்சிதமாக வரும், நமக்கும் நிம்மதி. திறந்துவிட்டால் அட்டை கிழியும், பக்கம் மடங்கும், சில புத்தகம் திரும்பவே வராது. பதில் சொல்ல வேண்டியது பொறுப்பாசிரியர். பல பள்ளிகளில் பீரோ ஏன் பூட்டியே கிடக்கிறது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம். சோம்பல் இல்லை, பயம். நான் திறந்துவிடுகிற கட்சி. திறந்துவிட்டால் ஒரு வருடத்தில் என்னென்ன கூத்து நடக்கும் என்று பார்க்கிறீர்களா? வாங்க, செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வாங்க.

ஜூன். கோடை விடுமுறை முழுக்க மூடிக் கிடந்த பீரோவைத் திறக்கிற நாள். முதலில் வெளியே வருவது பல்லி. அப்புறம் பழைய தாளும் அந்துருண்டையும் கலந்த ஒரு வாசனை. அதை பாட்டிலில் அடைத்து விற்றால் வாங்க நான் இருக்கிறேன். மூன்றாவது பீரோ லேசில் திறக்காது. கீழே முழங்காலால் ஓர் இடி, மேலே கைப்பிடியில் ஓர் இழுப்பு, இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். இந்த வித்தை தெரிந்தவர்கள் பள்ளியில் மூன்று பேர். அதில் ஒருவர் சத்துணவு அக்கா.

புதிதாக வந்த ஆறாம் வகுப்பு முதல் நூலகப் பீரியடுக்கு வரிசையாக வந்து, கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். யாரும் எதையும் தொடமாட்டார்கள். "எடுத்துப் பாருங்கப்பா" என்றால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். "காசு எவ்வளவு டீச்சர்?" என்று ஒரு குரல் வரும். காசு இல்லை என்றதும் நடக்கிறதே, அதைப் பார்க்கவே நான் கணக்குப் பாடவேளையை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து நிற்பேன். அடுத்த ஐந்து நிமிடத்தில் டைனோசர் புத்தகத்தின் முன்னட்டை ஒருத்தன் கையில், பின்னட்டை இன்னொருத்தன் கையில்.

பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தின் சின்னச் சின்னப் புத்தகங்கள் வந்த பிறகு இந்தச் சண்டை கொஞ்சம் குறைந்தது. நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படி. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவருக்கு 'நுழை', தடையில்லாமல் படிக்கிறவருக்கு 'பற'. ஏற்பாடு அருமை. ஆனால் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் 'நுழை' புத்தகத்தோடு பெண்கள் வரிசையைத் தாண்டிப் போவானா? அதற்கு அவர்களே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். பெரிய அறிவியல் களஞ்சியத்தை விரித்து, அதற்குள் 'நுழை'யை வைத்துப் படிப்பது. தூரத்திலிருந்து பார்த்தால் விண்வெளி ஆராய்ச்சி. நான் கண்டுகொள்வதே இல்லை. இதற்காகவே அந்தக் களஞ்சியத்தை மட்டும் வீட்டுக்குக் கொடுப்பதில்லை.

ஜூலையில் காமராசர் பிறந்தநாள், கல்வி வளர்ச்சி நாள். பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி. 15ஆம் தேதிக்கு முந்தின நாள் அத்தனை பேருக்கும் ஒரே ஒரு காமராசர் புத்தகம் வேண்டும். அதை மேசையில் நடுவில் வைத்து, ஒருவர் வாசிக்க மற்றவர்கள் எழுதிக்கொள்ள, மறுநாள் ஒன்பது பேர் ஒரே பேச்சைப் பேசுவார்கள். நடுவர்கள் பாவம்.

அந்த மாதம்தான் புதுப் புத்தகப் பெட்டிகளும் வந்து இறங்கும். பெட்டியைப் பிரித்ததும் படிக்கக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தால் அதுதான் முடியாது. முதலில் பில்லை வைத்துச் சரிபார்க்க வேண்டும். பக்கம் தலைகீழாக இருக்கிறதா, பதினாறு பக்கம் மொத்தமாக விட்டுப்போயிருக்கிறதா என்று புரட்ட வேண்டும். அப்புறம் சேர்க்கைப் பதிவேடு. வரிசை எண், தேதி, ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஆண்டு, பக்கம், விலை, பில் எண், கடைசியில் 'குறிப்பு'. ஒரு புத்தகத்தின் ஜாதகமே அதில்தான். எங்கள் பதிவேட்டின் முதல் தொகுதி மையில் தொட்டு, கட்டைப் பேனாவில் எழுதியது. எழுதினவர் கையெழுத்தைப் பார்த்தால் என் கையெழுத்தை மாற்றிக்கொள்ளலாமா என்று தோன்றும். அதில் விலைக் கட்டத்தில் 75 காசு, ஒன்றே கால் ரூபாய் என்றெல்லாம் இருக்கிறது. மாஸ்கோவில் அச்சடித்துக் கப்பலேறி வந்த சோவியத் தமிழ்ப் புத்தகங்கள், கெட்டி அட்டை, வண்ணப் படம், விலை மட்டும் கடலைமிட்டாய்க் காசு. தொலைத்தால் பதிவேட்டில் உள்ள விலையைக் கட்ட வேண்டும் என்று ஒரு பழைய வழக்கம். 75 காசுப் புத்தகத்தைத் தொலைத்தவன் ஒரு ரூபாயை மேசையில் வைத்து, "மீதி வேணாம் டீச்சர்" என்றான். பெருந்தன்மை!

அடுத்தது முதுகில் ஒட்டுகிற எண். 1876இல் மெல்வில் டூவி என்ற அமெரிக்கர் கொண்டுவந்த தசம முறைதான் இங்கேயும். உலகத்தில் உள்ள அறிவையெல்லாம் பத்தாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மறுபடி பத்தாகப் பிரித்துக்கொண்டே போவது. கணக்கு டீச்சருக்கு இதைவிட ஒரு விருந்து உண்டா? பறவைகள் 598. விளையாட்டு 796. சமையல் 641.5. தமிழ் இலக்கியம் 894.811, தமிழுக்குப் புள்ளிக்கு அப்புறம்தான் இடம் என்பதில் தமிழ் ஐயாவுக்கு இன்றுவரை கோபம். பிள்ளைகளுக்குப் பிடித்தது 133. ஏன் என்றால் பேய், பிசாசு எல்லாம் அங்கேதான், தத்துவத்துக்குப் பக்கத்து வீட்டில். பேய்க் கதை என்றால் கதைப் பிரிவு. பேயைப் பற்றிய புத்தகம் என்றால் 133. இந்த நுணுக்கத்தைச் சொன்ன அன்றைக்கு ஏழாம் வகுப்பு முழுக்க ஒரு மணி நேரம் சத்தியமாக அசையவில்லை. இப்போது கிரிக்கெட் ஆடும்போதும் பயப்படுகிறவனைப் பார்த்து "டேய் 133!" என்கிறார்கள்.

ஆகஸ்ட் 12, தேசிய நூலகர் தினம். எங்கள் ஊர்க்காரர் பிறந்தநாள்! 1892இல் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், இந்திய நூலகவியலின் தந்தை. பிள்ளைகளிடம் நான் சொல்வது அந்தப் பட்டத்தை இல்லை. அவரும் கணக்கு வாத்தியார் என்பதைத்தான். மாநிலக் கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். போய் உட்கார்ந்தால் ஆள் நடமாட்டமே இல்லை. கொஞ்ச நாளிலேயே அலுத்துப்போய், கல்லூரிக்கே திரும்பிவிடுகிறேன் என்று கேட்டார். அப்புறம் லண்டனுக்குப் படிக்கப் போனார், அங்கே நூலகங்களில் ஊரே வந்து போவதைப் பார்த்தார், மனம் மாறிவிட்டது. அங்கே ஒரு கடையில் மெக்கானோ விளையாட்டுச் சாமானைப் பார்த்தபோதுதான், துண்டு துண்டாக எடுத்துப் பொருத்தி எந்தத் தலைப்புக்கும் ஓர் எண்ணை உருவாக்கலாமே என்று யோசனை வந்ததாம். 1933இல் வெளிவந்த கோலன் பகுப்பு முறைக்கு வித்து ஒரு பொம்மை! இதைச் சொன்னால், வகுப்பில் பொம்மை கொண்டுவந்து மாட்டிக்கொள்கிறவர்களுக்கு ஒரு வருடத்துக்குச் சாக்கு கிடைத்துவிடும். தெரிந்தேதான் சொல்கிறேன்.

1931இல் அவர் நூலகவியலுக்கு ஐந்து விதிகள் எழுதினார். முதல் விதியே புத்தகம் பயன்படுத்துவதற்காகத்தான் இருக்கிறது என்பது. இதற்கு ஒரு விதியா என்று தோன்றும். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகத்தைச் சங்கிலியால் அலமாரியோடு பிணைத்து வைத்திருந்ததை அவர் அந்தப் புத்தகத்திலேயே சொல்கிறார். சங்கிலிக்குப் பதில் நம்மிடம் பீரோப் பூட்டு. அதே 1931இல்தான் நம் டெல்டாவில் மன்னார்குடிக்குப் பக்கத்து மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டுவண்டியில் நூலகம் கட்டி ஊர் ஊராக அனுப்பினார். திறந்துவைத்தவர் ரங்கநாதன்.

எங்களிடம் மாடு இல்லை. பழைய டி.வி. வைத்திருந்த சக்கர ஸ்டாண்டு ஒன்று ஸ்டோர் ரூமில் கிடந்தது. துடைத்து, எண்ணெய் போட்டு, மேலே ஐம்பது புத்தகத்தை அடுக்கி, மதிய இடைவேளையில் வேப்பமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போகிறோம். ஒரு சக்கரம் மட்டும் கீச்சென்று கத்தும். அதற்கு மறுபடி எண்ணெய் போட வேண்டாம் என்று பிள்ளைகளே சொல்லிவிட்டார்கள், சத்தம் கேட்டால்தானே வண்டி வருவது தெரியும்! நூலகப் பக்கமே தலைவைத்துப் படுக்காத பிளஸ் ஒன் பையன்கள் சோற்றுக் கையோடு வந்து நிற்கிறார்கள். "கையைக் கழுவிட்டு வாடா" என்று விரட்டுவது மானிட்டர் வேலை.

செப்டம்பர், காலாண்டுத் தேர்வு. நூலகம் காலி. சொல்ல ஒன்றும் இல்லை.

அக்டோபரில் ஒரே ஒரு வேடிக்கை. சரஸ்வதி பூசை முடிந்து பள்ளி திறந்ததும் தவணை தாண்டின புத்தகங்களைக் கேட்டால், "சாமிகிட்ட வெச்சிருக்கு டீச்சர்" என்பார்கள். விஜயதசமியன்றே எடுத்துவிட வேண்டியதுதானே என்றால், "எங்க வீட்ல சாமி இன்னும் படிச்சு முடிக்கல" என்று ஒருத்தி. திரும்பி வந்த புத்தகத்தின் மூலையில் சந்தனம். மஞ்சள் கறையைத் தாளிலிருந்து எடுக்க எந்த வித்தையும் என்னிடம் இல்லை. பதிவேட்டுக் குறிப்பில் எழுதுகிற அளவுக்கு அது சேதமும் இல்லை, ஆசீர்வாதம் என்று விட்டுவிடுகிறேன்.

அப்புறம் மழை. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் பெய்தது. நூலகத்துக்குள் கணுக்கால் தண்ணீர். பீரோக்களின் அடித்தட்டு நனைந்தது. அன்று கற்றுக்கொண்ட பாடங்கள் எந்தப் பயிற்சி வகுப்பிலும் கிடைக்காதவை. நனைந்த புத்தகத்தை அவசரப்பட்டு விரிக்கக் கூடாது. தாள் கையோடு வந்துவிடும். நல்ல வெயிலிலும் வைக்கக் கூடாது. காயும், ஆனால் முறுக்காகிவிடும். நிழலில், மின்விசிறிக்குக் கீழே, விசிறி விரிந்த வாக்கில் நிறுத்தி, சில பக்கங்களுக்கு ஒன்றாகச் செய்தித்தாளைச் செருகி, அந்தத் தாள் ஈரமானதும் மாற்றி, மறுபடி மாற்றி. பளபளப்புத் தாளில் அச்சிட்ட விலை உயர்ந்த களஞ்சியங்கள்தான் முதலில் போயின. பக்கங்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டி செங்கல்லாகிவிட்டன. சாணித்தாளில் அச்சிட்ட ஏழைக் கதைப்புத்தகங்கள் உப்பி, வளைந்து, ஆனால் பிழைத்துக்கொண்டன. இன்றும் அவற்றை வரிசையில் நிறுத்தினால் பக்கத்துப் புத்தகங்களை இடித்துக்கொண்டு நிற்கும். 'குண்டு செட்' என்று பெயர். அதிகம் கடன் போவது அந்த செட்தான், வெள்ளம் பார்த்த புத்தகம் என்பதால்.

அதிலிருந்து ஐப்பசி பிறந்தால் அடித்தட்டு காலி. மழைக்காலத்தின் அடுத்த விருந்தாளி ராமபாணப் பூச்சி. வெள்ளி நிறத்தில் சறுக்கிக்கொண்டு ஓடும். அதற்குப் பிடித்தது கதை இல்லை, பைண்டிங் பசை. ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள்: அந்துருண்டை, வசம்புத் துண்டு, காய்ந்த வேப்பிலை. எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தாயிற்று. என் அனுபவத்தில், அடிக்கடி கை படுகிற புத்தகத்தில் பூச்சி தங்குவதே இல்லை. யாரும் தொடாத கனத்த தொகுப்பு நூல்களில்தான் குடும்பம் நடத்துகிறது.

டிசம்பரில் அரையாண்டு முடிந்ததும் பைண்டர் தாத்தா வருவார். நூலகத்தின் திருவிழாவே அதுதான்! வராந்தாவில் சாக்கை விரித்து உட்கார்ந்து, பழைய பின்னை நெம்பி எடுத்து, புத்தகத்தைப் பகுதி பகுதியாகப் பிரிப்பார். முதுகை ஒன்றாகத் தட்டி, சின்ன ரம்பத்தால் நாலைந்து கீறல். அந்தக் கீறல் வழியாக ஊசி உள்ளே போய், பகுதியின் நடுவில் ஓடி, வெளியே வந்து, அடுத்த பகுதிக்குத் தாவும். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும். பசை சத்துணவுக் கூட அடுப்பில் தயாராகும்: மைதா, தண்ணீர், ஒரு சிட்டிகை மயில்துத்தம். துத்தம் போட்டால் பூச்சி அண்டாது, ஆனால் அது விஷம். அதனால் பசை காய்ச்ச என்று ஒரு பழைய தகரம் தனியாக இருக்கிறது, சத்துணவு அக்கா அதைத் தன் பாத்திரங்கள் பக்கமே விடமாட்டார்.

பைண்டிங்கில் ஒரு சிக்கல் உண்டு. அட்டையைக் கழற்றிவிட்டு காலிகோ துணி ஒட்டினால் புத்தகம் இன்னும் இருபது வருடம் வாழும். ஆனால் பிள்ளைகள் தொடமாட்டார்கள். எல்லாமே ஒரே பழுப்பு. எது துப்பறியும் கதை, எது மண்ணியல் என்று யாருக்குத் தெரியும்? அதனால் பழைய அட்டையின் படத்தை வெட்டி, புது அட்டையின் மேல் ஒட்டச் சொல்கிறோம். தாத்தாவுக்கு இதில் துளியும் சம்மதம் இல்லை. "சுத்தமா இருக்கறது அசிங்கமா ஆயிடுதும்மா" என்பார். ஒட்டித் தருவார்.

பொங்கலுக்குப் பிறகு புத்தகத் திருவிழா. மாவட்டந்தோறும் திருவிழா என்று ஆனதிலிருந்து சென்னைக்குப் போக வேண்டிய அவசியம் இல்லை. வேன் வைத்துக் கூட்டிப்போகிறோம். உண்டியல் உடைத்த சில்லறையோடு வருவார்கள். பத்து சதவீதக் கழிவில் எத்தனை ரூபாய் மிச்சம் என்று என் வகுப்பில் திணறுகிறவன், கடைக்காரரிடம் மின்னல் வேகத்தில் கணக்குச் சொல்வதைப் பார்த்து நான் அசந்து நின்றிருக்கிறேன். மிச்சக் காசு மிளகாய் பஜ்ஜிக்கு.

மார்ச்சில் பொதுத் தேர்வு. பள்ளி தேர்வு மையம். வகுப்பறைகளிலிருந்து கழித்துக்கட்டிய உடைந்த பெஞ்சுகள் எல்லாம் நூலகத்துக்குள் ஏறிவிடும். நாலாவது பீரோவை எட்ட வேண்டும் என்றால் பெஞ்சின் மேல் தவழ வேண்டும். தவழ்ந்திருக்கிறேன். புடவையில்.

ஏப்ரலில் இருப்புச் சரிபார்ப்பு. பதிவேட்டை ஒருவர் வாசிக்க, இன்னொருவர் புத்தகத்தைத் தேடி "இருக்கு!" என்று கத்த வேண்டும். ஒவ்வொன்றையும் உதறிப் பார்ப்போம், உள்ளிருந்து விழுவதைப் பார்க்க! பஸ் டிக்கெட், வாழைநார், ரேஷன் கடை ரசீது, அரசமர இலைச் சருகு, குட்டி போடும் என்று யாரோ நம்பி வைத்த மயிலிறகு. 'இருக்கு' வராத புத்தகங்களைத் தனித்தாளில் எழுதுவேன். பட்டியல் நீளமாக இருக்கும் வருடம் தலைமையாசிரியர் அம்மா என்னைக் கூப்பிட்டுக் கேட்பார். நான் வழங்கல் பதிவேட்டைக் கொண்டுபோய்க் காட்டுவேன்: இத்தனை முறை வெளியே போயிருக்கிறது, இத்தனை திரும்பி வந்திருக்கிறது. இன்னொன்றையும் மெதுவாகச் சொல்வேன், தவணை தாண்டினவர்கள் பட்டியலில் முதலிடம் ஆசிரியர்களுக்குத்தான் என்று. அத்தோடு விசாரணை முடிந்துவிடும்.

மே மாதம் பிளஸ் டூ முடிவு வந்ததும் மாற்றுச் சான்றிதழ் வாங்க வருவார்கள். 'நூலகப் பாக்கி இல்லை' என்று நான் கையெழுத்துப் போட்டால்தான் அலுவலகத்தில் காகிதம் நகரும். அப்போதுதான் எட்டாம் வகுப்பில் காணாமல்போன புத்தகங்கள் எல்லாம் வீட்டுப் பரண்களிலிருந்து இறங்கி வரும். சென்ற வருடம் ஒருத்தன், மீசையெல்லாம் வைத்துக்கொண்டு, வெறுங்கையோடு வந்து நின்றான். அவன் பெயரில் பொன்னியின் செல்வன் நாலாம் பாகம்.

"எங்கடா?"

"அம்மா படிக்கிறாங்க டீச்சர். முதல் மூணையும் முடிச்சிட்டுத்தான் இதுக்கு வந்தாங்க. அஞ்சாவதையும் குடுத்தீங்கன்னா, ரெண்டையும் ஒண்ணா கொண்டாந்து குடுத்துடறேன்."

கையெழுத்தைப் போட்டுவிட்டு ஐந்தாம் பாகத்தைத் தேடினேன். பீரோவில் இல்லை. பதிவேட்டைப் புரட்டினால், பிப்ரவரியிலிருந்து தலைமையாசிரியர் அம்மா பெயரில் இருக்கிறது. அவனையே அனுப்பிக் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொன்னேன்.